பிளாஸ்டிக் கதவில் பூனைக்கு வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனை தன் இஷ்டப்படி வெளியே போய்வர, கதவின் கீழ்ப்பகுதியில் பொருத்தும் ஊசலாடும் சின்னக் கதவைத்தான் இங்கே பூனைக்கதவு என்று சொல்கிறேன். மரக்கதவில் அதைப் பொருத்துவது எளிது. பிளாஸ்டிக் கதவு என்றதும் பலர் தயங்குகிறார்கள். சிலர் தயங்காமல் அறுத்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தப் பேனலுக்குள், அதாவது வெட்டப்போகும் கதவுப் பலகைக்குள், என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

என் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளாஸ்டிக் கதவு என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல் வகை, குளியலறைகளில் அதிகம் பார்க்கும் உள்ளீடற்ற பிவிசி கதவு. செங்குத்தான பட்டைகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்திருப்பார்கள். விரல் முட்டியால் தட்டினால் டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். பட்டைகளின் சுவர் மிக மெல்லியது, நடுவில் வெறும் காற்று.

இரண்டாவது, யூபிவிசி கதவு. சுற்றிலும் தடித்த சட்டம், அதற்குள் மேலே கண்ணாடி, கீழே பேனல் என்பது இதன் வழக்கமான அமைப்பு. பேனல் பெரும்பாலும் 20, 24 அல்லது 28 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தோல், நடுவில் தெர்மோகோல் போன்ற நுரை. சிலவற்றில் வலுவுக்காக ஒரு பலகையையோ உலோகத் தகட்டையோ சேர்த்து ஒட்டியிருப்பார்கள். தட்டினால் அமுங்கிய, கனமான சத்தம் வரும்.

மூன்றாவது, முழுக் கெட்டியான பிவிசி பலகைக் கதவு. இதை மரம் போலவே அறுக்கலாம், திருகலாம். இதற்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை.

சந்தேகம் இருந்தால், எந்த இடத்தை எப்படியும் வெட்டி எடுக்கப் போகிறீர்களோ அதன் நடுவில் 3 மி.மீ. ட்ரில் பிட்டால் ஒரு துளை போடுங்கள். பிட்டில் ஒட்டிவரும் தூள் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். வெள்ளை உருண்டைகள் என்றால் நுரை. பழுப்புத் தூள் என்றால் பலகை. பளபளக்கும் சுருள் என்றால் உலோகம். எதுவுமே வராமல் பிட் திடீரென உள்ளே நழுவினால் வெற்றிடம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் எந்த பிளேடு, எந்த நீள ஸ்க்ரூ, எந்த வகைப் பூனைக்கதவு என்ற மூன்று முடிவுகளும் இதிலேயே வந்துவிடும்.

சட்டத்தில் வெட்டலாமா? பேனல் சின்னதாக இருக்கிறதே.

கூடாது. யூபிவிசி சட்டத்துக்குள் பெரும்பாலும் எஃகுக் குழல் இருக்கும். பூட்டின் பொறிகளும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. கதவின் பாரத்தைத் தாங்குவதும், அது தொய்யாமல் காப்பதும் அந்தச் சட்டம்தான். அதை வெட்டினால் கதவு கோணிக்கொள்ளும், பூட்டு சரியாக விழாது. பேனலில் இடம் போதவில்லை என்றால் வேறு கதவையோ சுவரையோ பாருங்கள்.

தீத்தடுப்புக் கதவாக இருந்தால் பேனலையும் தொடக்கூடாது. ஓர் ஓட்டை விழுந்தாலே அது தீயையும் புகையையும் தடுக்கும் தகுதியை இழந்துவிடும்.

கீழே பேனல் இல்லை, முழுக் கண்ணாடி. என்ன செய்வது?

கதவில் போடுவது பெரும்பாலும் கடினமாக்கிய கண்ணாடி. அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். துளையை முதலில் போட்டு, அதன் பிறகு சூடாக்கிக் கடினப்படுத்துவதுதான் முறை. அதனால் துளையோடு புதிய கண்ணாடியைச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே தடிமனுள்ள நுரைப் பேனல் ஒன்றை அந்த இடத்தில் பொருத்தி, அதில் பூனைக்கதவு வைப்பது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வாடகை வீடு. கதவை வெட்டினால் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

முதலில் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே, "உங்கள் பேனலைத் தொட மாட்டேன், கழற்றி வைத்துவிட்டு வேறு பேனல் போடுகிறேன், காலி செய்யும்போது பழையதையே மாட்டித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் மறுப்பதற்குக் காரணம் குறைந்துவிடும். சொந்த வீடாக இருந்தாலும் நான் இந்த வழியைத்தான் விரும்புகிறேன். பேனலைக் கழற்றி மேசைமேல் கிடத்தி வெட்டுவதில் கிடைக்கும் நிதானம், தரையில் மண்டியிட்டு ஆடும் கதவில் வெட்டும்போது கிடைப்பதில்லை. வெட்டு கோணிப்போனாலும் கெடுவது புதுப் பேனல்தான், கதவல்ல.

பேனலை எப்படிக் கழற்றுவது?

பேனலின் நான்கு ஓரங்களிலும் ஒல்லியான பிளாஸ்டிக் பட்டைகள் தெரியும். அதுதான் பீடிங். பீடிங் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் பேனல் வெளியே வரும். நீளமான பீடிங்கின் நடுப்பகுதியில், பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள கோட்டில், பட்டி பூசும் தகட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். தகட்டைச் சட்டத்திலிருந்து விலகும் திசையில் நெம்பினால் பீடிங் நடுவில் வளைந்து எழும்பும். மூலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மூலை உடைந்துவிடும். எந்தப் பட்டை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அளவில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் திரும்ப மாட்டும்போது படுத்திவிடும்.

பேனலை எடுத்ததும் அடியிலும் பக்கங்களிலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வில்லைகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும் அதற்கு எதிர்மூலையிலும் அந்த வில்லைகள் கொடுக்கும் முட்டுதான் கதவைத் தொய்யவிடாமல் வைத்திருக்கிறது. கழற்றுவதற்கு முன்பும் கழற்றிய பிறகும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே தடிமனில் திரும்ப வையுங்கள். இதைக் கவனிக்காமல் போன வீடுகளில்தான், "பூனைக்கதவு வைத்த பிறகு பெரிய கதவு தரையைத் தட்டுகிறது" என்ற புகார் வருகிறது.

எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

பூனையை நிற்கவைத்து, தரையிலிருந்து அதன் வயிறுவரை அளந்துகொள்ளுங்கள். பூனைக்கதவின் திறப்பின் கீழ்விளிம்பு அந்த அளவில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு இது சுமார் 10 முதல் 15 செ.மீ. வரை வரும். பல பூனைகள் இருந்தால் குட்டையானதன் அளவை எடுங்கள். நெட்டைப் பூனை குனிந்து போய்விடும். குட்டைப் பூனை வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏற வேண்டிவந்தால் கொஞ்ச நாளில் அந்த வழியையே வெறுத்துவிடும். வயதான பூனை என்றால் இன்னும் ஒரு விரற்கடை தாழ்த்துங்கள். மூட்டு வலி இருப்பதைப் பூனை வெளியே காட்டிக்கொள்ளாது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெட்டியோடு வரும் அளவுத்தாளில் இருப்பது நீங்கள் அறுக்க வேண்டிய கோடு. பூனை நுழையும் திறப்பு அந்தக் கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேதான் ஆரம்பிக்கும், ஏனென்றால் நடுவில் பூனைக்கதவின் சொந்தச் சட்டம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை அளந்து கழித்துக்கொண்டு கோடு போடுங்கள்.

வெளித்தரை உள்தரையைவிடத் தாழ்வாக இருந்தாலும் அளவை உள்ளிருந்தே எடுங்கள், வெளியே ஒரு கெட்டியான படி வையுங்கள். திறப்பு வழியாகத் தலையை நீட்டும் பூனைக்குக் கால் வைக்க இடம் தெரிய வேண்டும்.

அகலம்?

சாதாரணப் பூனைக்கதவுகளின் திறப்பு 14 செ.மீ. அகலத்தை ஒட்டியே இருக்கும். பெரும்பாலான பூனைகளுக்கு அது போதும். பெரிய இனங்களுக்கும் உடல் பெருத்த பூனைகளுக்கும் அடுத்த அளவை வாங்குங்கள். குட்டியாக இருக்கும்போது அளந்து வாங்காதீர்கள்.

வெட்டுவதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

வேண்டியவை: ட்ரில், ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் சின்ன மின்ரம்பம்), நுண்பல் பிளேடு, மாஸ்கிங் டேப், ரசமட்டம், அரம், உப்புத்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். ஜிக்சா பிளேடின் நீளத்தைச் சரிபாருங்கள். பிளேடு மேலும் கீழும் போய்வரும்போது உயரும் நிலையிலும் அதன் நுனி பேனலுக்கு வெளியே நிற்க வேண்டும். நுனி உள்ளே சிக்கினால் வளைந்து மறுபக்கத் தோலைக் குத்திக் கிழிக்கும்.

வெட்டப்போகும் இடம் முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அளவுத்தாளை ஒட்டுங்கள். டேப் இரண்டு வேலை செய்கிறது: ஜிக்சாவின் அடித்தட்டு பிளாஸ்டிக்கைக் கீறாமல் காக்கும், வெட்டின் ஓரம் பொடிந்து உதிராமலும் பிடித்துக்கொள்ளும். ரசமட்டம் வைத்துக் கோட்டைச் சரிபாருங்கள். பேனலைக் கழற்றி வெட்டுபவர்கள் அதன் அடிவிளிம்புக்கு இணையாக அளந்தால் போதும்.

நான்கு மூலைகளிலும் முதலில் 3 மி.மீ. துளைகளை நேராக மறுபக்கம்வரை போட்டு, அங்கே அந்த நான்கு புள்ளிகளையும் அளந்து பாருங்கள். சதுரம் சதுரமாகவே வந்திருந்தால் தொடரலாம். ட்ரில் சாய்ந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும், திருத்தவும் முடியும். பிறகு அதே மூலைகளில் கோட்டுக்கு உள்பக்கமாக 10 அல்லது 12 மி.மீ. துளை போடுங்கள். பிளேடு நுழைவதற்கு மட்டுமல்ல, மூலை உருண்டையாக இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடாது. கூரான மூலைதான் பிளாஸ்டிக்குக்கு எமன்.

அறுக்கும்போது வேகம் வேண்டாம். பிவிசி ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். வேகமாக ஓட்டினால் உராய்வின் சூட்டில் உருகி, பிளேடு கடந்துபோன பின்னாலேயே வெட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஜிக்சாவில் பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் ஊசலாட்ட விசையை அணைத்து, மிதமான வேகத்தில், அழுத்தாமல் ஓட்டுங்கள். நான்காவது பக்கத்தை முடிக்கும் முன், வெட்டிய துண்டைப் பின்னாலிருந்து டேப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் துண்டு தன் கனத்தாலேயே முறிந்து விழும், கூடவே நல்ல பக்கத்தின் தோலையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு போகும்.

நல்ல குளிரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். குளிர்ந்த பிவிசி கண்ணாடி போல விரிசல் விடும். கதவை வீட்டின் சூட்டில் கொஞ்ச நேரம் இருக்கவிட்டுத் தொடங்குங்கள்.

ஜிக்சா இல்லை. கத்தியைச் சூடாக்கி வெட்டலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. பூனையின் சின்ன நுரையீரலுக்கு இன்னும் மோசம்.

மின்கருவி இல்லாமலும் செய்யலாம். நுரைப் பேனலின் தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இரும்பு அளவுகோலை வைத்து, கூர்மையான கத்தியால் ஒரே கோட்டில் பத்துப் பதினைந்து முறை கீறினால் தோல் அறுந்துவிடும். மறுபக்கமும் அப்படியே. நடுவிலுள்ள நுரையை ஹேக்சா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம். மெதுவான வேலைதான், ஆனால் ஓரம் ஜிக்சா வெட்டைவிடச் சுத்தமாக வரும்.

திருகும்போது பேனல் உள்ளே அமுங்குகிறது.

என் முதல் பூனைக்கதவில் எனக்கு நேர்ந்ததும் இதுதான். உறுதியாக நிற்கட்டும் என்று ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது ஸ்க்ரூவில் தோல் குழிந்து, மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. அந்தப் பேனலையே மாற்ற வேண்டியதாயிற்று.

பூனைக்கதவின் உள்சட்டமும் வெளிச்சட்டமும் ஸ்க்ரூவின் இழுப்பில் நடுவிலிருப்பதை இரண்டு பக்கமும் நசுக்குகின்றன. நுரைக்கோ வெற்றிடத்துக்கோ அந்த நசுக்கலைத் தாங்கும் வலு கிடையாது. அதனால் வெட்டிய ஓரத்துக்குள் ஒரு முதுகெலும்பு வைக்க வேண்டும். நுரைப் பேனலில், ஓட்டையின் நான்கு ஓரங்களிலும் நுரையை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அதே தடிமனுள்ள மர ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டத்தை)ச் செருகி ஒட்டுங்கள். மரத்துக்கு முன்பே வார்னிஷ் அடித்துவிடுங்கள். உள்ளீடற்ற கதவிலும் இதே முறைதான். பட்டைகளின் குறுக்குச் சுவர்களைக் கொஞ்சம் நறுக்கினால் ரீப்பர் உள்ளே போகும். உள்ளீடற்ற கதவில் இதைச் செய்யாமல் பூனைக்கதவு வைப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சில மாதங்களில் அந்தப் பகுதி முழுக்கத் தளர்ந்து ஆடும்.

ஸ்க்ரூவை ட்ரில்லால் முடுக்காமல் கையாலேயே திருகுங்கள். ரப்பர் ஓரம் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். நீளம் அதிகமான ஸ்க்ரூவை அறுத்துக்கொள்ளலாம்.

ஓட்டையைப் பூனைக்கதவின் அளவுக்கு மிகச் சரியாக வெட்டிவிட்டால் நல்லதுதானே?

இல்லை, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். பிவிசி வெயிலில் நன்றாகவே நீளும். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மி.மீ. 60 செ.மீ. அகலப் பேனல், காலையிலிருந்து உச்சிவெயிலுக்குள் 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விரிகிறது. கருநிறக் கதவுகளில் சூடு இன்னும் அதிகம் ஏறும். பேனலும் பூனைக்கதவும் ஒரே அளவில் விரியாததால், இறுக்கமாகச் செருகிய பூனைக்கதவு அந்த நேரத்தில் நெரிபட்டு, அதன் ஊசற்பலகை ஓரத்தில் உரசி நின்றுவிடும். காலையில் போன பூனை மதியம் திரும்ப முடியாமல் வெயிலில் நிற்க வேண்டிவரும்.

மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் எப்படி அடைப்பது?

முதலில் வெட்டிய ஓரத்தை, அதாவது நுரையும் ரீப்பரும் தெரியும் இடத்தை, சிலிக்கான் தடவி மூடுங்கள். அது காய்ந்த பிறகு பூனைக்கதவைப் பொருத்தி, வெளிச்சட்டத்தின் மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மட்டும் சிலிக்கான் இழுங்கள். கீழ்ப்பக்கத்தை அடைக்காதீர்கள். எப்படியோ உள்ளே போன துளி நீர் வெளியேற அந்த வழி வேண்டும். சிலிக்கானில் புளிக்காடி வாசனை அடிக்கும் வகை பிவிசியில் சரியாகப் பிடிக்காது. நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முழு நாள் காயட்டும், அதுவரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பேனலில் அலங்கார மேடுபள்ளம் இருந்தால் பூனைக்கதவின் சட்டம் தட்டையாக உட்காராது. சிலிக்கானால் அந்தப் பள்ளத்தை நிரப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தட்டையான பேனலுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்த வீட்டுப் பூனைகள் நுழைகின்றன. சிப் படிக்கும் பூனைக்கதவு வாங்கலாமா?

அந்தத் தொல்லைக்கு அதுதான் சரியான தீர்வு. பூனையின் தோள்களுக்கு நடுவில், தோலுக்கடியில் போடும் அரிசிமணி அளவுச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. பூனைக்கதவு அனுப்பும் அலையில்தான் அது உயிர் பெற்றுத் தன் எண்ணைச் சொல்கிறது. உங்கள் பூனையின் எண்ணாக இருந்தால் மட்டும் பூட்டு விலகும். இப்போது பரவலாக உள்ள சிப்களுக்கு 15 இலக்க எண், 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய சிப்கள் வேறு வகையாக இருக்கலாம். வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் போட்ட சோதனைத் துளை இங்கேயும் உதவும். பேனலுக்குள் உலோகத் தகடு இருந்தால் அது சிப்பைப் படிக்கும் அலையைக் கெடுக்கும். அப்போது திறப்பைச் சுற்றிக் கூடுதலாக ஓரிரு சென்டிமீட்டர் தகட்டை அகற்றி, இடைவெளி விடும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பொருத்த வேண்டும்.

கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டும் பழைய முறையும் உண்டு. பட்டை தொலைந்தால் பூனை வெளியில் மாட்டிக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

திருடர்களுக்கு வழி ஆகிவிடாதா?

பூனைக்கதவு வழியாக ஆள் நுழைய முடியாது, ஆனால் கையும் கம்பியும் நுழையும். சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை அன்றே விட்டுவிடுங்கள். கைப்பிடியிலிருந்தும் தாழ்ப்பாளிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, கீல் பக்கமாகத் திறப்பை அமையுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. பூனை பக்கத்திலேயே போக மாட்டேன் என்கிறது.

இது வெட்டு வேலையைவிட நீளமான வேலை, இதில் அவசரம் அறவே கூடாது. பூனையைத் தூக்கி அந்தத் திறப்பு வழியாகத் தள்ளாதீர்கள். ஒரே ஒரு முறை தள்ளினால் போதும், அந்த இடம் பயத்தோடு சேர்ந்து அதன் மனதில் பதிந்துவிடும்.

முதல் சில நாள் ஊசற்பலகையை முழுதாகத் தூக்கி டேப்பால் கட்டிவையுங்கள். அது வெறும் ஜன்னல் என்று பூனை நினைக்கட்டும். அது சாப்பிடும் நேரத்தில் நீங்கள் மறுபக்கம் உட்கார்ந்து, அதற்குப் பிடித்ததைக் காட்டிக் கூப்பிடுங்கள். தயக்கமில்லாமல் போய்வர ஆரம்பித்ததும் பலகையைப் பாதி இறக்குங்கள். பிறகு ஒரு விரற்கடை மட்டும் திறந்திருக்கட்டும். தலையாலோ காலாலோ அது தானே தள்ளிப் பார்த்த பிறகுதான் முழுவதும் விடுங்கள். ஒரு பூனை இரண்டு நாளில் பழகும், இன்னொன்றுக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

சிப் கதவில் இன்னொரு சங்கடம், பூட்டு விலகும்போது எழும் 'க்ளிக்' சத்தம். தலையை நுழைத்ததும் காதருகே அது கேட்டால் எந்தப் பூனையும் பின்வாங்கும். பொருத்துவதற்கு முன்பே, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைச் சில நாள் கேட்கப் பழக்குங்கள்.

பொருத்திய பிறகு பராமரிப்பு?

மாதம் ஒருமுறை ஊசலின் அச்சிலும் ஓரத் தூரிகையிலும் சேரும் முடியை எடுத்துவிடுங்கள். அதனால்தான் பலகை முழுதாக மூடாமல் நின்று காற்றைக் கசியவிடும். மூடும் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். சிப் கதவின் பேட்டரி தீரும் அறிகுறி விளக்கு மின்னினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். முதல் கோடை கழிந்ததும் ஸ்க்ரூக்களைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று திருகினால் போதும்.